கழற்றும் முன் தனிமைப்படுத்தவும்

1.

இந்தக் கதை ஓர் அட்டையிலிருந்து பிறந்தது. உள்ளங்கை அகலம், பிளாஸ்டிக் உறை, கழுத்தில் மாட்டிக்கொள்ள நீல நாடா. மாடிகளில் சோலார் பேனல் பொருத்தும் வேலைக்குப் போகிற எல்லோருக்கும் அந்தக் கம்பெனி கொடுப்பது. ரயிலில் காதில் விழுந்த ஒரு பேச்சிலிருந்தும், ஜன்னலில் தெரிந்த ஒரு முகத்திலிருந்தும் கதை கிடைத்ததாக எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எனக்குக் கிடைத்தது அட்டை. அதில் ஏழாவது வரி இது:

கழற்றும் முன் தகட்டு வரிசையைத் தனிமைப்படுத்தவும்.

(தகடு என்றால் பேனல். அட்டையைத் தவிர வேறெங்கும் யாரும் அதைத் தகடு என்று சொல்லிக் கேட்டதில்லை.)

நீங்கள் ஒரு மாடியில், வெயிலில், பேனல்களுக்கு நடுவே நிற்பதாக நினைத்துக்கொண்டு அந்த வரியை ஒருமுறை வாசியுங்கள். என்ன செய்யத் தோன்றியதோ அதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம். கடைசியில் கேட்பேன்.

கேட்பேன் என்று எழுதும்போதே குரல் உயர்ந்துவிட்டது. கோபம் ஆறிய பிறகு எழுது என்பார்கள். காத்திருந்து பார்த்தேன். ஆறவில்லை. அதனால் சூட்டோடு எழுதுகிறேன்.

2.

நான் எழுதிய முதல் தொடக்கம் இது:

‘சூரியன் உச்சியை நெருங்கிய அந்த வேளையில் அவள் படிகளில் ஏறினாள். அவளுடைய தனிமை அவளுக்கு முன்பே மாடியை அடைந்திருந்தது.’

எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நான் மொழிபெயர்ப்பு நாவல்களாக வாசித்துத் தள்ளுகிறவள். பனி பெய்கிற ஊர்கள், நீண்ட மேலங்கிகள், கடிதம் வராத தபால் நிலையங்கள். அந்த நாவல்களில் எல்லோரும் அடிக்கடி தோள்களைக் குலுக்குவார்கள். எங்கள் வீட்டில் யாரும் தோளைக் குலுக்கி நான் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த மொழி எனக்கு இஷ்டம். எங்கிருந்தோ நடந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றாமல் நிற்கிற விருந்தாளி மாதிரி ஒரு மொழி.

அந்தத் தொடக்கத்தை அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளிலும் முழங்கை வரை கட்டு. டீயை நான் டம்ளரோடு பிடித்துக்கொள்ள, அவள் உறிஞ்சுகுழலில் குடித்துக்கொண்டிருந்தாள்.

“யாருடி இவ?”

“நீதான்.”

“என் தனிமை எனக்கு முன்னாடியே மாடிக்குப் போச்சா? அப்ப டூல் பையையும் அதுவே தூக்கிட்டுப் போயிருக்கலாமே.”

நான் தாளை மடித்தேன்.

“ஏய் நாவலு, கோச்சுக்காத. நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நான் இல்ல.”

அக்கா என்னை நாவல் என்றுதான் கூப்பிடுவாள். அவள் எலக்ட்ரீஷியன். பல வருஷம் வீட்டு வயரிங் வேலை செய்தாள். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் விசிறி சுற்றுவது அவள் கையால். சோலார் கம்பெனியில் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. சேர்ந்த அன்று வந்து, “சூரியன்ல இருந்து நேரா வயர் இழுக்கறோம்டி” என்று சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்தது என்றால்—

(இந்த வாக்கியத்தை முடிக்க வரவில்லை. அப்படியே விடுகிறேன்.)

இரண்டாவது தொடக்கம் செய்தித்தாள் பாணியில்: ‘சூரிய மின் இணைப்பைக் கழற்றியபோது கவனக்குறைவால் பெண் ஊழியர் தீக்காயமடைந்தார்.’ இதை நான் எழுதவில்லை. கம்பெனி எழுதியது. ‘கவனக்குறைவால்’ என்ற ஒரே சொல்லில் கதை முழுவதையும் முடித்துவிட்டார்கள். சுருக்கமாக எழுதுவதில் அவர்களிடம் பாடம் கேட்க வேண்டும்.

மூன்றாவது தொடக்கத்தைத்தான் நீங்கள் மேலே வாசித்தீர்கள்.

3.

மேனேஜர் வீட்டுக்கு வந்த காட்சி.

(இந்தக் காட்சியில் அவரை வில்லனாக எழுத ஆசைப்பட்டேன். மூன்று தடவை எழுதியும் அவர் நல்ல மனிதர் மாதிரியே வந்து நிற்கிறார். செருப்பை வெளியில் விட்டார். அம்மாவை “அம்மா” என்றார். எனக்கு எரிச்சலாக இருக்கிறது.)

ஒரு பை நிறையப் பழம் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். இரண்டு கையும் கட்டியிருக்கிற ஒருத்திக்கு உரிக்க வேண்டிய பழமாகப் பார்த்து வாங்கியிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“வலி எப்படிம்மா இருக்கு?”

“இருக்கு சார்.”

“என்னம்மா பண்றது. நாங்க எல்லாம் சரியாத்தான் பண்ணியிருக்கோம். அட்டையில தெளிவாப் போட்டிருக்கோம், ஏழாவது வரி. தனிமைப்படுத்தவும்னு. நல்ல தமிழ்ல.”

“தனிமைப்படுத்தினேனே சார்.”

அவருக்குப் புரியவில்லை. ஜோக் என்று நினைத்துச் சிரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

“சனிக்கிழமை புதுசா சேர்ந்தவங்களுக்குப் பயிற்சி வெச்சிருக்கோம். நீங்க வந்து இந்தக் கட்டோட முன்னாடி நின்னு, ‘நான் கவனமா இல்ல, நீங்க கவனமா இருங்க’ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நாங்க நூறு போஸ்டர் ஒட்டினாலும் அந்த மாதிரி உறைக்காது. அதுக்கப்புறம் உங்களைப் பயிற்சிப் பிரிவுலயே வெச்சுக்கறோம். இனிமே மாடி ஏற வேண்டாம்.”

“சொல்லலைன்னா?” என்று அம்மா கேட்டாள்.

“ஏம்மா அப்படியெல்லாம் யோசிக்கறீங்க?”

அதுதான் பதில். அக்காவின் வலது கை பழையபடி மடங்குமா என்று டாக்டரால் இன்னும் சொல்ல முடியவில்லை. கை மடங்காத எலக்ட்ரீஷியனை வேறு யார் வேலைக்கு வைப்பார்கள்? அவருக்கு அது தெரியும். எங்களுக்கும் தெரியும். பழங்களுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

அவர் போன பிறகு அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“சொல்லிட்டுத்தான் போயேன்டி. வெறும் வார்த்தைதானே.”

வெறும் வார்த்தை! அம்மா மேல் எனக்குக் கோபமில்லை. அவள் பயத்தில் பேசினாள். ஆனால் அக்காவின் கைகளைச் சுட்டது எது என்று நினைக்கிறாள்? வெறும் வார்த்தைதான்.

4.

இனி மாடியில் நடந்தது. நான் அங்கே இல்லை. ஏணி சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

ஏணி என்பது ஆள். அக்காவோடு ஜோடியாக வேலை செய்கிறவர். அவ்வளவு உயரம். நிஜ ஏணியை அவர்தான் தோளில் தூக்கி வருவார் என்பதால், ‘ஏணி வருது’ என்று யாராவது சொன்னால் எந்த ஏணி என்று கேட்க வேண்டியிருக்கும்.

ஊருக்கு வெளியே ஒரு கிடங்கு. அதன் தட்டையான மாடி முழுக்கப் பேனல் வரிசைகள். ஒரு வரிசையில் ஓர் இணைப்பு உருகியிருக்கிறது, கழற்றிவிட்டுப் புதிது மாட்ட வேண்டும் என்று அனுப்பியிருந்தார்கள். அக்கா அதுவரை மாட்டுகிற வேலைதான் பார்த்திருக்கிறாள். ஓடிக்கொண்டிருப்பதைக் கழற்றுகிற வேலை அன்றுதான் முதல் தடவை. கழற்ற யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுப்பதற்குப் பதிலாகத்தான் அட்டை.

அக்கா கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிப் பார்த்தாள்.

“தனிமைப்படுத்தவும்னு போட்டிருக்கு.”

“என்னத்த?”

“பேனலைத்தான்.”

“அதுவே பாவம் வெயில்ல தனியாத்தான் கெடக்கு. இன்னும் என்ன தனிமை?”

“யாரும் பக்கத்துல இருக்கக் கூடாதுன்னு சொல்றான் போல. நீ இறங்கிக்க.”

“நான் கூட இருந்தா என்ன, கண்ணா பட்டுடும்?”

“அட்டையில சொன்னதைச் செய்யலைன்னா திட்டுவாங்கப்பா. போ, போய்க் கீழ நில்லு. முடிச்சுட்டுக் கூப்பிடறேன்.”

“சரி, தனிமைப்படுத்து. அப்படியே அணைச்சுடு.”

“பேனலை எங்க போய் அணைக்கறது? அதுக்கு சுவிட்சா இருக்கு?”

“கட்டிப் பிடிச்சுக்க. அதுவும் அணைக்கறதுதானே.”

அக்கா சிரித்தாளாம். ஏணி இறங்கினார். இதைச் சொல்லும்போது ஏணி என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் அடித்த கடைசி ஜோக் அது. அதற்குப் பிறகு இதுவரை அடிக்கவில்லை.

ஆக, அக்கா அட்டையை மீறவில்லை. எழுத்துக்கு எழுத்து கீழ்ப்படிந்தாள். மாடியைக் காலி செய்தாள். பேனல் வரிசையைத் தனிமைப்படுத்தினாள். தன்னையும் தனிமைப்படுத்திக்கொண்டாள். பிறகு, மின்சாரம் ஓடிக்கொண்டிருந்த இணைப்பைப் பிடித்து இழுத்தாள்.

(இங்கே கதையை நிறுத்திக் கொஞ்சம் விளக்க வேண்டும். கதைக்குள் விளக்கம் வரக் கூடாது என்கிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். ஆனால் மாடியில் பேனல் வைத்திருந்தால் தாண்ட வேண்டாம்.

வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிற மிக்ஸியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினால் சின்னதாக ஒரு பொறி தெரிந்து செத்துவிடும். காரணம், வீட்டு மின்சாரம் ஓயாமல் திசை மாறிக்கொண்டே இருப்பது. மாறுகிற ஒவ்வொரு தடவையும் கண நேரம் இல்லாமல் போகும். அந்த இல்லாமையில் பொறி அணைந்துவிடும். பேனலில் வருகிற மின்சாரத்துக்கு அந்த மூச்சு வாங்கல் கிடையாது. ஒரே திசை, ஒரே பிடிவாதம். பல பேனல்களைக் கோத்த வரிசையில் வீட்டு மின்சாரத்தைவிட அழுத்தமும் அதிகம். ஓடும்போது இணைப்பைப் பிரித்தால் பொறி சாகாது. இரண்டு முனைக்கும் நடுவே தீயாக நிற்கும். இழுக்க இழுக்க அதுவும் கூடவே நீளும். கீழே மெயினை நிறுத்தினாலும் வெயில் இருக்கிறவரை பேனலிலும் அதன் வயரிலும் மின்சாரம் இருந்துகொண்டுதான் இருக்கும்.

அதனால்தான் ஒரு பெட்டி வேண்டும். பொறியை உள்ளேயே விழுங்கிக்கொள்கிற மாதிரி செய்த சுவிட்ச். சிவப்புக் கைப்பிடி வைத்திருக்கும். முதலில் பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றுகிற இன்வெர்ட்டரை நிறுத்தி, பிறகு அந்தக் கைப்பிடியைத் திருப்பி, யாரும் மறுபடி திருப்பாதபடி பூட்டி, மீட்டர் வைத்து ஓட்டம் நின்றதா என்று பார்த்த பிறகுதான் இணைப்பில் கை வைக்க வேண்டும். அதன் பெயர் ஐசொலேட்டர். பேனல் வேலைக்குப் போகிற யாரைக் கேட்டாலும் தெரியும், அதை எல்லோரும் ஐசொலேட்டர் என்றுதான் சொல்வார்கள்.)

ஈரத் துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது என்றார் ஏணி. நான்கே எட்டில் படி ஏறி ஓடினார். அக்கா வரிசைக்கு நடுவே மல்லாந்து கிடந்தாள். வயரின் இரண்டு முனைக்கும் இடையில் வெள்ளையாக ஒன்று நின்று எரிந்துகொண்டிருந்தது, வெயிலைவிட வெள்ளையாக. முதலில் அவளைச் சட்டையைப் பிடித்து இழுத்து ஓரமாகப் போட்டார். பிறகு சுவிட்சைத் தேடி ஓடினார். மற்ற மாடிகளில் எந்த இடத்தில் அந்தச் சிவப்புக் கைப்பிடி இருக்குமோ அந்த இடத்துக்கு, மாடிச் சுவருக்கு, கையை நீட்டிக்கொண்டே ஓடினார்.

அங்கே சுவர்தான் இருந்தது. சுவரில் நான்கு துளைகள். பெட்டி மாட்டுவதற்காகப் போட்டு, பெட்டி மாட்டாமல் விட்ட துளைகள்.

“விரலை விட்டுப் பாத்தேம்மா,” என்றார் ஏணி. “என்ன பண்றதுன்னு தெரியாம, அந்த ஓட்டையில விரலை விட்டுப் பாத்தேன்.”

வயர் எரிந்து எரிந்து தானாக அற்று விழுகிறவரை தீ நின்றதாம்.

இதற்குப் பெயர் கவனக்குறைவு.

5.

எனக்கு ஒரு வில்லன் வேண்டும். மேனேஜர் சரிப்படவில்லை. அதனால் அட்டையை மொழிபெயர்த்தவரைப் பிடித்துக்கொண்டேன்.

மொழிபெயர்ப்பு நாவல் வாசித்தே வளர்ந்தவளுக்கு மொழிபெயர்ப்பாளர் என்றால் பாதி தெய்வம். அதனால் வந்த கோபமும் இரட்டிப்பு. மனசில் அவரை வரைந்தேன்: தடித்த கண்ணாடி, முதுகுக்குப் பின்னால் அகராதி அலமாரி, மாடி ஏறியே பார்க்காத கால்கள். எங்கோ வேற்றுமொழியில் ‘ஐசொலேட்’ என்று இருந்திருக்கிறது. மின்சார வேலையில் அதற்கு ‘மின்சாரம் வருகிற வழியைத் துண்டித்து வை’ என்று பொருள். இவர் அகராதியைத் திறந்து, தனிமை என்று போட்டு, திருப்தியாகத் தாம்பூலம்— (வேண்டாம். மிகையாகப் போகிறது.)

அந்த ஆளை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்பது என்று கம்பெனிக்குப் போனேன். வரவேற்பறையில் ஒரு பெரிய போஸ்டர். ‘சுத்தமான மின்சாரம், கறையில்லாக் கைகள்.’ கைகள் என்றுதான் போட்டிருந்தது. போஸ்டரில் ஒரு குழந்தை இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தது. அதைக் கிழிக்காமல் வந்ததற்காக எனக்கு யாராவது மாலை போட வேண்டும்.

போஸ்டருக்குக் கீழே மேஜை. மேஜையில் போன் எடுக்கிற பெண். என் அக்கா வயசு இருக்கும்.

“அட்டையை மொழிபெயர்த்தவரைப் பாக்கணும்.”

“எந்த அட்டை?”

காட்டினேன். வாங்கிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

“அட, இது நான் செஞ்சதுதான்! அச்சாகி வந்து இன்னிக்குத்தான் பாக்கறேன். மொழிபெயர்த்தவர்னு சொல்லி எனக்கே சிரிப்பு வருது. ஒரு தாளைக் குடுத்து, மதியத்துக்குள்ள தமிழ்ல அடிச்சுக் குடும்மான்னாங்க. நடுவுல போன் வேற எடுக்கணும்.”

“இது யாருக்கு, எதுக்குன்னு சொன்னாங்களா?”

“அட்டைக்குன்னாங்க.”

“ஏழாவது வரி.”

வாசித்தாள். “ஆமா, இதுலதான் ரொம்ப நேரம் முழிச்சேன். அப்ப ஊர் பூரா காய்ச்சல் இல்லையா, எங்க பாத்தாலும் தனிமைப்படுத்து, தனிமைப்படுத்துன்னுதானே கேட்டுது. அதையே போட்டேன். ஆனா எனக்கே சந்தேகம். அதான் பக்கத்துல கேள்விக்குறி போட்டுக் குடுத்தேன், அடைப்புக்குறிக்குள்ள. தெரிஞ்சவங்க யாராவது பாத்துச் சரி பண்ணட்டும்னு.” அட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அதைக் காணோமே.”

யாரோ எடுத்திருக்கிறார்கள். சொல்லைப் பார்க்கவில்லை. சந்தேகத்தை மட்டும் பார்த்து, அசிங்கமாக இருக்கிறது என்று அழித்திருக்கிறார்கள். அட்டை அழகாக இருக்க வேண்டும் அல்லவா!

(இந்தக் கதையில் என் அடைப்புக்குறிகளை நான் ஏன் எடுக்கவில்லை என்று இப்போது தெரிந்திருக்கும்.)

“எதுக்குக் கேக்கறீங்க?” என்றாள். “யாருக்காவது ஏதாவது ஆச்சா?”

அவளுக்குத் தெரியாது. அதே கட்டடத்தில், அதே போஸ்டரின் கீழே உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் யாருமே சொல்லவில்லை. கேட்க வந்த நாலு வார்த்தையும் எனக்கு மறந்துவிட்டது. நடந்ததைச் சொன்னேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை.

ஆக, வில்லன் இல்லாமலே கதையைத் தொடர வேண்டியிருக்கிறது. இருக்கிற எல்லோரும் நல்லவர்கள். இத்தனை நல்லவர்கள் சேர்ந்து ஒரு மாடியில் நான்கு துளைகளை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

6.

வெள்ளிக்கிழமை அக்கா கேட்டாள்: “எழுதறவ எழுதறவன்னு சொல்லிக்கறியே, நாளைக்கு நான் என்ன பேசணும்னு எழுதிக் குடு.”

இந்தக் கதைக்கு நான் யோசித்த முடிவுகளும் அவளுடைய பேச்சும் ஒன்றாகிவிட்டது அப்போதுதான்.

முதல் வரைவு, அம்மாவுக்காக: ‘நான் கவனமாக இருக்கவில்லை. நீங்கள் கவனமாக இருங்கள்.’ இதைச் சொன்னால் வேலை நிலைக்கும், சம்பளம் நிலைக்கும், அட்டையும் அப்படியே நிலைக்கும்.

இரண்டாவது வரைவு, எனக்காக. அதில் நான்கு துளைகள் வந்தன, போஸ்டர் வந்தது, ‘உங்கள் சுத்தமான மின்சாரத்தில் என் அக்காவின் தோல் வாசம் அடிக்கிறது’ என்று ஒரு வரி வந்தது. வாசித்துக் காட்டினேன்.

அக்கா கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்ததும், “நல்லா இருக்குடி. கை தட்டுவாங்க. தட்டிட்டு இதே அட்டையை மாட்டிக்கிட்டு மாடிக்குப் போவாங்க,” என்றாள்.

“அப்ப என்னதான் வேணும் உனக்கு?”

“மாடி மாடியா அந்தப் பெட்டியை மாட்டியிருக்கேன், கழட்டறதுக்கு முன்னாடி அதைத் திருப்பணும்னு யாரும் சொல்லல. ஐசொலேட்டரை ஆஃப் பண்ணுன்னு எழுதியிருந்தா தேடியிருப்பேன்டி. தேடிப் பாத்து இல்லைன்னு தெரிஞ்சிருந்தா இறங்கி வந்திருப்பேன். அவ்வளவுதான். எனக்குத் தெரிஞ்ச வார்த்தையையே எனக்குத் தெரியாத மாதிரி எழுதிட்டாங்க.” பிறகு, “அங்க வர்றவங்கள்ல யாருக்காவது அந்த வரி ஒழுங்காப் புரியுதான்னு தெரியணும். புரிஞ்சா தப்பு என் மேல. அப்ப நான் சொல்லிடறேன், கவனக்குறைவுன்னு.”

“புரியலைன்னா?”

“டீயைக் குடு.”

(மூன்றாவது வரைவு எழுதவில்லை.)

7.

சனிக்கிழமை. கம்பெனிக் கட்டடத்தின் பின்பக்க அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் ஒரு மேஜை மேல் டீ கேன், சத்தம் போடுகிற விசிறி. புதிதாகச் சேர்ந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கழுத்திலும் நீல நாடா. நானும் ஏணியும் சுவரோரம் நின்றோம். மேனேஜர் ஒலிபெருக்கியில், அனுபவம்தான் ஆசிரியர் என்கிற மாதிரி ஏதோ சொல்லி அக்காவை அழைத்தார். கையில் பிடிக்க முடியாதென்பதால் அவரே அவள் வாயருகே மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

“வணக்கம். எல்லாரும் அட்டையைப் பாருங்க. ஏழாவது வரி.” காத்திருந்தாள். “அண்ணே, மீசைக்கார அண்ணே, நீங்க சொல்லுங்க. மாடியில இருக்கீங்க. அந்த வரியைப் படிச்சாச்சு. இப்ப என்ன செய்வீங்க?”

லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர் என்று பிறகு தெரிந்தது. எழுந்து நின்றார்.

“பக்கத்துல யாரையும் விட மாட்டேன்மா. கூட இருக்கறவனைக் கீழ அனுப்பிடுவேன்.”

ஏணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“உக்காருங்கண்ணே. அந்தப் பச்சைச் சட்டை?”

“அந்த வரிசையை மத்த வரிசையில இருந்து கொஞ்சம் நகர்த்தி வெக்கணுங்க.”

“நீங்கக்கா?”

“ஒரு ஆள்தான் வேலை செய்யணும். ரெண்டு பேர் கை வெக்கக் கூடாது.”

பின்னாலிருந்து ஒரு குரல்: “தனி ரூம்ல போட்டு, ஜன்னல் வழியா சாப்பாடு குடுக்கணும்!”

அறையே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். சிரித்தபடியே இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள்.

“நானும் நீங்க சொன்னதைத்தான் செஞ்சேன். இந்தா, இதோ நிக்கறாரே, இவரைக் கீழ அனுப்பிட்டு.”

சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா மைக்கைப் பிடித்திருந்தவர் பக்கம் திரும்பினாள்.

“சார், நீங்க சொல்லுங்க. அதுக்கு என்ன அர்த்தம்?”

மேனேஜர் அட்டையைப் பார்த்தார். ஏழாவது வரியைப் பார்த்தார். இவ்வளவு நாளும் அவருக்கு அது தெரியும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். தெரிந்துகொண்டே பழி போடுகிறார் என்று நினைத்திருந்தோம்.

“தனிமைப்படுத்தறதுதான்,” என்றார். “அதான் தமிழ்லயே போட்டிருக்கே.”

(இந்த வரியை என்னால் கற்பனையில் எழுதியிருக்க முடியாது. எனக்கு அவ்வளவு திறமை கிடையாது.)

அக்கா மைக்குக்குக் குனிந்தாள். “சிவப்புக் கைப்பிடி. ஐசொலேட்டர். அதைத் திருப்பு, பூட்டு, மீட்டர் வெச்சுப் பாரு, அப்புறம் கையை வை. கைப்பிடி இல்லாத மாடியில கழட்டற வேலையே கிடையாது. இறங்கிடுங்க. யார் திட்டினாலும் இறங்கிடுங்க. அப்புறம், கவனக்குறைவுன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாங்க. சொல்றேன். கவனம் குறைவாத்தான் இருந்திருக்கு. யாரோடதுங்கறதை மட்டும்—”

“டீ வந்தாச்சு!” என்றார் மேனேஜர். “டீ வந்தாச்சு, எல்லாரும் வாங்க, டீ!”

மைக் அவர் கையில் இருந்தது.

8.

எல்லோரும் டீக்கு எழுந்தார்கள். கதவைத் திறந்துகொண்டு போன் எடுக்கிற பெண் வந்தாள். கையில் தடித்த கறுப்பு மார்க்கர். அக்காவின் முகத்தைப் பார்க்காமல், கட்டுகளைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு டீ மேஜைப் பக்கம் போய்விட்டாள். டம்ளரை நீட்டி வரிசையில் நின்ற ஒவ்வொருவர் அட்டையையும், கழுத்தில் தொங்கியபடியே பிடித்து, ஏழாவது வரியின் முடிவில், பிளாஸ்டிக் உறைமேலேயே, ஒன்று வரைந்தாள்.

தனிமைப்படுத்தவும் (?)

“இப்ப இதைப் பாத்தா என்ன பண்ணணும்?” என்று லாரிக்காரர் கேட்டார்.

“கேக்கணும்,” என்றாள் அவள். “கை வெக்கறதுக்கு முன்னாடி.”

மேனேஜர் மைக்கின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி முடித்த பிறகும் சுற்றிக்கொண்டிருந்தார்.

இதோடு முடித்திருக்கலாம். அழகான முடிவு. அதனாலேயே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. மார்க்கர் மழையில் அழியும். வேறு முடிவுகளும் யோசித்தேன். மேனேஜர் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்கிறார், இந்தத் தடவை உரிக்க வேண்டாத பழத்தோடு. இல்லையென்றால், அக்காவுக்கு ஓர் அழைப்பு வருகிறது, இனி வர வேண்டாம் என்று. இல்லையென்றால், லாரிக்காரர் ஒரு மாடியில் கைப்பிடியைத் தேடிவிட்டு, கேள்வி கேட்டு, திட்டு வாங்கி, உயிரோடு இறங்கி வருகிறார். கடைசியில் சொன்னதுதான் அக்காவுக்கு வேண்டிய முடிவு. அது நடந்தால் அவளுக்கு வேலை போனாலும் பரவாயில்லையாம். வரும் வழியில் சொன்னாள். எனக்குப் பரவாயில்லை இல்லை. எனக்கு இரண்டும் வேண்டும்.

இதை எழுதுகிற இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கம்பெனியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. அம்மா போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அக்கா பக்கத்து அறையிலிருந்து, “ஏய் நாவலு, என்னைக் கடைசியில கொன்னுடாதடி, உங்க பனிக்கதையில பண்ற மாதிரி” என்று கத்துகிறாள். கொல்லவில்லை.

நாளை காலை வெயில் வரும். அந்தப் புதியவர்கள் வண்டியில் ஏறி, ஏதேதோ தெருக்களில், ஏதேதோ மாடிகளுக்குப் போவார்கள். ஒன்று உங்களுடையதாகக்கூட இருக்கலாம்.

இப்போது கேட்கிறேன். முதல் பக்கத்தில் அந்த வரியை வாசித்தபோது யாரைக் கீழே அனுப்பினீர்கள்?

இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதப் போவதில்லை. முடிவு மாடிச் சுவரில் இருக்கிறது. ஏறிப் போய்ப் பாருங்கள், அங்கே கைப்பிடி இருக்கிறதா என்று. நான் இடம் மட்டும் விட்டுவைக்கிறேன்:

○   ○

○   ○